எதற்கும் இன்னொரு தரம்

பிப்ரவரி 3, செவ்வாய்

மூன்றாம் தொகுதி இன்று அறுப்பு மெஷினிலிருந்து வெளியே வந்துவிட்டது. வட்டத் தட்டாக உள்ளே போன சிலிக்கான், உளுந்தளவு சில்லுகளாக நீல டேப்பில் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முதல் தொகுதியும் இரண்டாம் தொகுதியும்கூட இப்படி அழகாகத்தான் இருந்தன.

தண்டபாணி சார் கூப்பிட்டார். எங்கள் மேனேஜருக்கு ஒரு பழக்கம், கெட்ட செய்தி சொல்லும்போது மேசைமேல் இல்லாத தூசியைத் துடைப்பார். இன்று துடைதுடையென்று துடைத்தார்.

"மார்ச் இருபத்து மூணு, ஆர்டர் குடுத்த புனேக்காரங்க வர்றாங்க சுலோச்சனா. நல்ல சென்சார் முப்பது கையில குடுத்தாகணும். இந்தத் தடவையும் ஆகலைன்னா மேலிடத்துல க்ளீன் ரூமைப் பிரிச்சுருவாங்க. சில்லை வெளிநாட்டுல வாங்கி, இங்க பெட்டியில போட்டு அனுப்பினாப் போதும்னு பேச்சு நடக்குதுங்க."

பிரிப்பார்களாம். பந்தலா என்ன, பிரித்துப் போட? அந்த அறையைக் கட்ட நாங்கள் ஆறு பேர் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஒரு தூசி உள்ளே போகக் கூடாதென்று தலையில் பூ வைக்காமல், நெற்றியில் பொட்டு வைக்காமல், முகத்துக்குப் பவுடர் போடாமல் எத்தனை வருஷம்! என் நாத்தனார் இன்னும் நான் ஏதோ வேண்டுதல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் இவருக்குப் பிரஷர் பார்த்தேன். நூற்று ஐம்பத்தெட்டு. ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது, மாத்திரை தவறுவதில்லை, உப்பைக் குறைத்தாயிற்று, இன்னும் இறங்க மாட்டேன் என்கிறது. எதற்கும் இன்னொரு தரம் பார்த்தேன். நூற்று அறுபத்திரண்டு.

பிப்ரவரி 5, வியாழன்

"அப்படி என்னதான் அம்மிணி பண்றீங்க அந்த ரூமுக்குள்ள?" என்று இவர் கேட்டார். கல்யாணமாகி இருபத்தொரு வருஷம் கழித்துக் கேட்கிறார். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்ததில் இப்போதுதான் மனுஷனுக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

"சிலிக்கான்ல ஊஞ்சல் கட்டறோம்" என்றேன்.

கிண்டல் என்று நினைத்துவிட்டார். நிஜமாகவே அதுதான். தட்டின்மேல் வெளிச்சத்தால் கோலம் போட்டு, வேண்டாத இடத்தை மட்டும் வாயுவால் அரித்து எடுத்தால், முடியைவிட மெல்லிய ஒரு பாளம் இரண்டு காலில் தொங்கிக்கொண்டு நிற்கும். மின்சாரத்தால் ஒரு தள்ளு தள்ளினால் ஆடும். ரயில் பாலத்துத் தூணில் இதைப் பொருத்திவிட்டால், தூண் கொஞ்சம் சாய்ந்தாலும் ஊஞ்சலின் தாளம் மாறும், பாலத்துக்கு ஏதோ கோளாறு என்று தெரிந்துபோகும். ஆனால் உள்ளே காற்று இருந்தால் ஊஞ்சல் சட்டென்று அடங்கிவிடும். அதனால் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, மேலே கண்ணாடி மூடி போட்டு ஒட்டிவிடுகிறோம். நல்ல ஊஞ்சல் என்றால் ஒரு தள்ளுக்கு ரொம்ப நேரம் ஆட வேண்டும். எங்கள் பிழைப்பே அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊஞ்சலுக்குக் காத்து ஆகாதுன்னு சொன்ன மொத ஆளு நீதான்" என்றார்.

இவர் கையில் நான் கட்டிவிட்டிருக்கும் பட்டைக்குள்ளும் இதே ஜாதி சில்லு ஒன்று இருக்கிறது. எத்தனை அடி நடந்தார், இதயம் எப்படித் துடிக்கிறது என்று என் போனுக்கு வந்துவிடும். மதியம் ஆடாமல் அசையாமல் கிடந்ததாகக் காட்டியது. பதறியடித்துக்கொண்டு போன் செய்தேன். தூங்கிக்கொண்டிருந்தாராம். பிறகு படபடவென்று துடிப்பதாகக் காட்டியது. மறுபடி போன் செய்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

எல்லாச் சில்லுகளையும் குக்கரில் போட்டாயிற்று.

குக்கர் என்பது நாங்கள் வைத்த பெயர். தடித்த இரும்புப் பானை. சில்லுகளை உள்ளே வைத்து ஹீலியம் வாயுவை அழுத்தமாக நிரப்பி ஊற விடுவோம். மூடியில் ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே புகுந்துவிடும். பிறகு வெளியே எடுத்ததும் கசியும், மெஷின் மோப்பம் பிடித்துச் சொல்லிவிடும். முதல் தொகுதி மூடி ஓட்டையால்தான் போயிற்று. அதற்குப் பிறகுதான் அடம் பிடித்துக் குக்கரை வரவழைத்தேன். சாம்பிளுக்குப் பத்து போட்டால் போதும் என்பது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அத்தனையையும் போட்டேன். ஒரு ராத்திரி ஊறினால் போதும் என்பார்கள், இரண்டு ராத்திரி விட்டேன்.

"இன்னொரு தரம் மேடம் வந்துட்டாங்கப்பா" என்று ரெஜினா சொன்னது காதில் விழுந்தது. டெஸ்டிங் பார்க்கிறவள், எனக்கு அடுத்த சீட், வாய் மட்டும் எனக்கு மேல். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 11, புதன்

ஒரு சில்லில்கூட ஓட்டை இல்லை! ஒன்றில்கூட! கேன்டீனில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். இனி மின்சுற்றுப் பலகையில் பொருத்தி ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆட்டம் இல்லை.

பிப்ரவரி 14, சனி

நேற்று எழுத முடியவில்லை. பொருத்திய ஊஞ்சல்கள் எல்லாமே தள்ளியதும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு அடங்கிவிடுகின்றன. உள்ளே ஏதோ புகுந்திருக்கிறது. ஆனால் மூடியில் ஓட்டை இல்லை என்று மெஷின் சத்தியம் செய்கிறது. இரண்டாம் தொகுதியிலும் அச்சு அசலாக இதேதான் நடந்தது. அப்போது மூடி ஒட்டும் மெஷினைக் குறை சொன்னோம். அதை முழுக்கச் சரிசெய்த பிறகும் இப்படியென்றால் என்ன செய்வது?

எதற்கும் இன்னொரு தரம் குக்கரில் போடச் சொல்லியிருக்கிறேன், பலகையோடு சேர்த்து.

பின்கழுத்து கல்லாக இருக்கிறது. தலையணையை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஓட்டை இல்லை. ஆட்டம் முன்னைவிட மோசம். எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கப் போகிறது.

கண்ணாடி சப்ளை செய்கிற ஆளைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "மேடம், இதே கண்ணாடிதான் எல்லாருக்கும் தர்றோம், வேற யாரும் ஒரு வார்த்தை சொல்லல" என்கிறான். வேறு யாரும் சரியாகச் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றேன். போனை வைத்த பிறகு காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம், வெகுநேரம் நிற்கவில்லை. கத்தினால் அப்படித்தான்.

வீட்டில் இவருக்கு நூற்று அறுபத்தாறு. நான் பட்டையைச் சுற்றும்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார், ஊசி போட வந்த மாதிரி. "சும்மா இருங்க, அசையாதீங்க, பேசாதீங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்பதில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

ஆபீசில் ஹெல்த் செக்கப் என்று வேன் வந்து நின்றது. எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ரெஜினா வந்து, "வாங்க மேடம், பிரீதான். ரத்தமும் எடுப்பாங்க, உங்ககிட்ட இருந்தா" என்றாள். எனக்கு எங்கே நேரம்? எனக்கு என்ன கேடு? மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் ஏறுகிறேன். இன்று ஏறியதும் கண் முன்னால் கொஞ்சம் பூச்சி பறந்தது. கண்ணாடிக்குப் பவர் மாறியிருக்கும்.

மதியம் நாலு பலகையை மட்டும் மறுபடி குக்கரில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று வீட்டில் சண்டை.

காலையில் நூற்று எழுபது காட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். தெருமுனை மெடிக்கலில் பார்த்ததாம், முந்தாநாள். நூற்று இருபத்தாறு. அதற்கு முந்தின வாரம் நூற்று இருபத்தெட்டு.

"அந்தக் கடை மெஷின் ஓட்டை" என்றேன்.

"ஆமா, உலகத்துல இருக்கற மெஷின் பூராம் ஓட்டை, உன்ற மெஷின் ஒண்ணுதான் சுத்தம். நீ அந்தப் பட்டையத் தூக்கிட்டு வர்றதப் பாத்தாலே எனக்கு ஏறுது அம்மிணி. நெஞ்சு வலியில செத்திருந்தாக்கூட நிம்மதியாப் போயிருப்பேன், இப்படி நாளைக்கு மூணு வாட்டி கையக் குடுத்துட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்க முடியல."

செத்திருந்தால் என்று எப்படிச் சொல்லலாம்? அன்றைக்கு ஆம்புலன்சில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். நாடி கிடைக்காமல் தேடித் தேடிப் பார்த்தது நான். அவருக்கு அதெல்லாம் ஞாபகமில்லை, மயக்கத்தில் சொகுசாகக் கிடந்தார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சாயங்காலம் வரை பேசவில்லை. இரவு தோசைக்குப் பூண்டுச் சட்னி அரைத்தேன், அவருக்குப் பிடிக்கும் என்பதால் இல்லை, பூண்டு இருந்தது.

பிப்ரவரி 25, புதன்

தண்டபாணி சார் துணியே கொண்டுவந்து மேசையைத் துடைக்கிறார்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஒரு விசித்திரம். அளக்கிற கருவியிலேயே கோளாறு இருக்குமோ என்று ரெஜினாவுக்குச் சந்தேகம். அவளிடம் ஒரு மூலை உடைந்த சில்லு இருக்கிறது. இரண்டாம் தொகுதியில் அறுக்கும்போதே உடைந்தது. குப்பைக்குப் போக வேண்டியதை எடுத்து, புதிதாக வருகிறவர்களுக்கு ஒயர் ஒட்டக் கற்றுத்தருவதற்காகப் பலகையில் பொருத்தி வைத்திருந்தாள். அதை எடுத்து மாட்டினாள். மூடி அப்படியே இருக்கிறது, ஓரம்தான் போயிருக்கிறது.

ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த மாதிரி ஒரு ஆட்டத்தை நான் காகிதத்தில் போட்ட கணக்கில்தான் பார்த்திருக்கிறேன்.

"குப்பையில போட்டது குதியாட்டம் போடுது, பொத்திப் பொத்தி வளத்தது படுத்துக்குச்சு" என்றாள் ரெஜினா.

பலகை வேறு, ஒயர் வேறு, அதனால் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் வீடு வந்து சேரும் வரை அந்த ஆட்டம் கண்ணிலேயே நின்றது.

மார்ச் 1, ஞாயிறு

காலை சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பிரஷர் மெஷினை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டு, ஏதோ துணுக்குக்குத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பேப்பரை மடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

அப்படியே நின்றுவிட்டேன். அந்த உடைந்த சில்லு நான் சோதிக்காத சில்லு. மூலை போனதால் அது குக்கருக்கே போகவில்லை.

ஹீலியத்துக்கு ஓட்டை வேண்டியதில்லை. காற்று நுழைய முடியாத கண்ணாடிக்குள் அது தானாக மெல்ல ஊறி இறங்கும். இது காலேஜிலேயே படித்த சங்கதி. சாதாரணமாகக் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் பாதகமில்லை. இரண்டு ராத்திரி ஊறவைத்து, பிறகு மறுபடி, பிறகு மறுபடி என்றால்? உள்ளே போனது வெளியே வருவதும் அதே மெதுவாகத்தான், அதனால்தான் மோப்பம் பிடிக்கும் மெஷினுக்குத் தெரியவில்லை.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. இவர்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்.

மார்ச் 3, செவ்வாய்

ஞாயிறன்றே ஆபீசுக்கு ஓடி, அறுக்காமல் மிச்சம் வைத்திருந்த ஒரு தட்டின் ஓரத்திலிருந்து இரண்டு சில்லு எடுத்துப் பொருத்தினோம். இரண்டும் அருமையாக ஆடின. ஒன்றை மட்டும் இரண்டு ராத்திரி குக்கரில் போட்டிருந்தோம். இன்று எடுத்துப் பார்த்தால் அது படுத்துவிட்டது, மற்றது ஆடுகிறது. சந்தேகமே இல்லை.

தண்டபாணி சாரிடம், கோளாறுக்குக் காரணம் குக்கர் என்று தெரிந்துவிட்டது என்றேன்.

"குக்கர் தானா எந்திரிச்சுப் போய் அதுக மேல உக்காந்துக்குச்சா மேடம்?" என்றாள் ரெஜினா. ரொம்ப அவசியம்!

"இருக்கறத அனுப்பலாமா?" என்றார் சார். மிச்சத் தட்டில் முப்பது தேறாது, புதிதாகச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். ஆனால் உள்ளே போன ஹீலியம் வந்த வழியே வெளியேறிவிடும். மிதமான சூட்டு அடுப்பில் வைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போகும். ரொம்பச் சூடு வைத்தால் பலகையின் பசை இளகிவிடும்.

"அது வரைக்கும் நாம என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாதுங்க சார். அடுப்பத் திறக்கக் கூடாது, எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. சூடு ஒரே மாதிரி இருக்கணும். அப்படியே விட்டுரணும்."

சார் முதல்முறையாகத் துணியைக் கீழே வைத்தார். "நீங்களாங்க?" என்றார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இருபத்து மூன்றாம் தேதிக்குள் போகுமா என்று கணக்குப் போட்டால் போகும் என்றும் வருகிறது, போகாது என்றும் வருகிறது.

மார்ச் 4, புதன்

பிரஷர் மெஷினை பீரோவுக்கு மேலே வைத்தேன். அலமாரியில் இடம் அடைத்துக்கொண்டிருந்தது. இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 8, ஞாயிறு

ஆபீசுக்குப் போய் அடுப்பு ஓடுகிறதா என்று வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். கதவில் ரெஜினா ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள்: "சுலோச்சனா மேடம் தொடக் கூடாது." மற்றவர்கள் தொடலாம் போலிருக்கிறது.

மார்ச் 11, புதன்

கை அரிக்கிறது. ஒன்றே ஒன்றை எடுத்துப் பார்த்தால் என்ன? பார்க்கவில்லை. முருகா, பார்க்கவில்லை.

மார்ச் 14, சனி

போனில் இவரது பட்டையின் கணக்கு வருவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதிலிருந்து எனக்குத்தான் படபடப்பு. ராத்திரி முழுக்கத் தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

மார்ச் 18, புதன்

கூடத்தில் இவர் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அவ்வளவு நன்றாக இருக்கிறாரா இந்த மனுஷன்?

மார்ச் 23, திங்கள்

புனேயிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கண் முன்னால்தான் அடுப்பைத் திறக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். திறந்து பார்த்துச் சரியில்லை என்று முன்பே தெரிந்துவிட்டால் அவர்கள் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது, அதுதான் உண்மை.

ரெஜினா முதல் பலகையை மாட்டினாள். நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். காதுக்குள் மறுபடி அந்தக் கொய்ங். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு ரெஜினா, "மேடம், திரும்புங்க. இன்னும் ஆடிக்கிட்டிருக்கு" என்றாள்.

கேட்டது முப்பது, தேறியது முப்பத்தாறு. நான் யாருக்கும் தெரியாமல் கூடுதலாக ஊறவைத்த நாலு மட்டும் இன்னும் படுத்திருக்கின்றன. அவை ஏன் அப்படி என்று வந்தவர்கள் கேட்டார்கள். தெரியாத மாதிரி நின்றேன். ரெஜினா என்னைப் பார்த்துவிட்டு, "அதுகளுக்குக் கொஞ்சம் பாசம் அதிகமாப் போச்சுங்க" என்றாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, தப்பித்தேன்.

க்ளீன் ரூமைப் பிரிக்கவில்லை. தண்டபாணி சார் மேசைமேல் தாளம் போட்டார். நான் கழிப்பறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தரை சாய்கிற மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் அப்படி ஆகும்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று லீவு கொடுத்துவிட்டார்கள். காலையில் இவர் நடக்கக் கிளம்பினார். கைப்பட்டை மேசைமேல், போனும் மேசைமேல். வழக்கமாக வந்துவிடும் நேரம் கடந்தது. பால்காரர் வந்து போனார். பள்ளிக்கூட வேன் போயிற்று. இவர் வரவில்லை.

வாசலுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் விசாரிக்கவில்லை. அடுக்களையில் உட்கார்ந்து, இருக்கிற பீன்ஸையெல்லாம் நறுக்கினேன், இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு ஆகும்.

கடைசியில் வந்தார். பழைய கடைப் பக்கம் போயிருக்கிறார், கையில் கிரீஸ். நான் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. ஏன் லேட் என்று கேட்கவில்லை. காபியைக் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தார். "என்ன அம்மிணி, ஒண்ணுமே கேக்க மாட்டீங்கறே? ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"ஒண்ணுமில்லீங்க. தலைதான் கொஞ்சம் வலிக்குது. அது எப்பவும் இருக்கறதுதான்."

"எப்பவுமா?"

எழுந்து போய், பீரோவுக்கு மேலிருந்து மெஷினை இறக்கி, தூசியை ஊதிவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழிக்குப் பழியா என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினேன். சும்மா இரு, பேசாதே, அசையாதே என்று என்னை மாதிரியே சொல்லிக்காட்டினார். பட்டை இறுகித் தளர்ந்தது. மெஷினைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எவ்வளவுங்க?" என்றேன்.

"எதுக்கும் இன்னொரு தரம் பாக்கறேன்" என்றார். பார்த்துவிட்டு மெஷினை என் பக்கம் காட்டாமல் மூடினார்.

"செருப்பப் போடு. டாக்டர்கிட்ட போலாம்."

"உங்களுக்கு அடுத்த மாசம்தானுங்க வரச் சொன்னாங்க?"

"எனக்கில்ல."

ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆட்டோவில் வரும்போதே தன் கைப்பட்டையை என் மணிக்கட்டில் கட்டிவிட்டார், கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து போனில் என் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.